பொய்க்குக் காவல் நிற்கும் நிறுவனங்கள்

ஆய்வில் பொய் சொன்னவரை மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் அவரைவிடப் பெரிய குற்றவாளி ஒருவர் உண்டு. பொய் என்று தெரிந்த பிறகும் அவருக்கு நாற்காலியும் சம்பளமும் மாணவர்களும் கொடுத்து வைத்திருந்த நிறுவனம்தான் அது. இந்திய அறிவியலின் நேர்மை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு தனிமனிதரைத் திட்டித் தீர்த்துவிட்டு நாம் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அவரைச் சுற்றி நின்று காத்தவர்கள் பெயர் கெடாமல் ஓய்வு பெறுகிறார்கள். இந்தப் பழக்கத்தை இனியும் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்பதே நம் தீர்ப்பு. சண்டீகரில் நடந்ததைச் சொன்னால் காரணம் விளங்கும். இன்றைய ஆய்வு மாணவர்களில் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

சண்டீகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் பேராசிரியர் விஸ்வஜித் குப்தா. 1960-களில் தொடங்கி ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் இமயமலையின் புதைபடிவங்களைப் பற்றி எழுதிக் குவித்தவர். காஷ்மீரிலிருந்து நேபாளம் வரை அவர் கால் படாத பள்ளத்தாக்கே இல்லை என்று தோன்றும் அளவுக்குக் கட்டுரைகள் வந்தன. 300-க்கும் மேற்பட்ட கட்டுரைகள், பல நூல்கள், நூற்றுக்கும் மேற்பட்ட இணை ஆசிரியர்கள். அவர்களில் ஐரோப்பிய, அமெரிக்க நிபுணர்களும் உண்டு. இமயமலையின் பழைய பாறைகளுக்கு வயது குறித்த எவரும் அவர் பெயரைக் குறிப்பிடாமல் கட்டுரையை முடிக்க முடியாத நிலை இருந்தது.

அந்தக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் ஒரு பொருள் கோனோடான்ட். பெரும்பாலும் மணற்பருக்கை அளவே இருக்கும், பல் போன்ற ஒரு நுண்படிவம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து அழிந்துபோன விலாங்கு போன்ற சிற்றுயிரின் வாயில் இருந்த உறுப்பு. சுண்ணாம்புப் பாறையை உடைத்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நாள்கணக்கில் ஊறப்போட்டால் சுண்ணாம்பு கரைந்துவிடும். கால்சியம் பாஸ்பேட்டால் ஆன இந்தப் பல் கரையாது. அடியில் தங்கும் வண்டலைச் சலித்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, ஈரமான மெல்லிய தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். கிலோக்கணக்கில் பாறை கரைத்தும் ஒன்றும் கிடைக்காத நாள்கள் உண்டு. கிடைத்துவிட்டால் அந்தப் பாறையின் வயதைச் சொல்வதில் அதற்கு நிகரான சாட்சி குறைவு. இனத்துக்கு இனம் வடிவம் மாறும், அடுக்குக்கு அடுக்கு இனம் மாறும்.

குப்தா இமயமலையில் கண்டெடுத்ததாகச் சொன்ன கோனோடான்ட்கள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆம்ஸ்டெல் கிரீக் என்ற ஓடைக்கரையில் கிடைப்பவற்றோடு அச்சு மாறாமல் ஒத்திருந்தன. அதே தொகுதி, ஒன்றுக்கொன்று வெகு தொலைவிலுள்ள இமயமலை ஊர்களின் பெயரில் மறுபடி மறுபடி அவருடைய கட்டுரைகளில் வந்தது. அவர் காட்டிய அம்மோனாய்டு என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரின் படிவங்கள், மொராக்கோ பாலைவனத்திலிருந்து தோண்டியெடுக்கப்பட்டு உலகமெங்கும் கடைகளில் விற்பனைக்கு வருபவற்றைப் போலவே இருந்தன. ஒரே படிவத்தின் படம் வெவ்வேறு இடத்தில் கிடைத்ததாக வெவ்வேறு கட்டுரையில் அச்சானது. எந்த ஊர், எந்த ஓடை, எத்தனையாவது அடுக்கு என்று மற்றவர் தேடிப் போகும்படி அவர் தெளிவாக எழுதியதில்லை. எல்லையோரப் பகுதிகள் என்பதால் வெளிநாட்டவர் நினைத்தவுடன் போய்ப் பார்த்துவிடவும் முடியாது.

இந்த மோசடியின் இதயம் அங்கேதான் இருக்கிறது. ஓர் அறிவியல் கூற்றின் மதிப்பு அதைச் சொன்னவரின் பதவியில் இல்லை. இன்னொருவர் அதே இடத்துக்குப் போய், அதே பாறையை உடைத்து, அதே அமிலத்தில் போட்டால் அதே பல் கிடைக்க வேண்டும். போகும் வழியை அடைத்துவிட்டு எழுதப்பட்ட கட்டுரை, அதில் உள்ள ஒவ்வொரு வரியும் தற்செயலாக உண்மையாகவே இருந்தாலும், அறிவியல் ஆகாது.

ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டேலன்ட் இதைப் பல ஆண்டுகள் பொறுமையாகத் தொடர்ந்து ஒப்பிட்டுப் பார்த்தார். 1987-ல் கனடாவின் கால்கரியில் நடந்த டெவோனியன் காலப் பாறைகள் பற்றிய பன்னாட்டுக் கூட்டத்தில் தம் ஐயங்களை வெளிப்படையாக முன்வைத்தார். 1989 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழ் அவருடைய கட்டுரையை வெளியிட்டது. உலகமே திரும்பிப் பார்த்தது. குப்தா மறுத்தார். குற்றம் சாட்டப்பட்டவர் மறுப்பது அவர் உரிமை. அந்த மறுப்பைச் சரிபார்ப்பது பல்கலைக்கழகத்தின் கடமை. பஞ்சாப் பல்கலைக்கழகம் என்ன செய்தது?

விசாரித்தது. ஆண்டுக்கணக்கில் விசாரித்தது. இடையில் குப்தாவைப் பணியிடை நீக்கம் செய்தது, பிறகு திரும்ப எடுத்துக்கொண்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் விசாரணை அவர் குற்றம் செய்தார் என்றே முடிவு சொன்னது. அதற்குப் பிறகும் பல்கலைக்கழகம் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஓய்வு வயதை எட்டி 2002-ல்தான் அவர் வெளியேறினார். நேச்சர் கட்டுரைக்கும் அந்த ஓய்வுக்கும் இடையில் 13 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் ஒவ்வொரு கல்வியாண்டுத் தொடக்கத்திலும் அந்தத் துறையில் புதிய மாணவர்கள் சேர்ந்தார்கள். ஆய்வு நேர்மையைப் பற்றிப் பல்கலைக்கழகம் அவர்களுக்கு நடத்திய ஒரே பாடம் அதுதான்.

இதை நாம் நிர்வாகத் தாமதம் என்று ஏற்க மாட்டோம். தாமதம் என்பது கோப்பு மேசையில் தங்குவது. தீர்ப்பு கைக்கு வந்த பின்னும் தண்டனை தர மறுப்பது ஒரு முடிவு. ‘பெயர் கெட்டுவிடும்’ என்ற அச்சத்தில் எடுக்கப்படும் முடிவு. பெயர் அப்போது ஏற்கெனவே கெட்டிருந்தது. கெடுத்தவரைக் காத்ததன் மூலம் அவருடைய தனிப்பட்ட பொய்யைப் பல்கலைக்கழகம் தன் பொய்யாக்கிக்கொண்டது.

இணை ஆசிரியர்களையும் விட்டுவிட முடியாது. அவர்களில் பலர் ஏமாற்றப்பட்டவர்கள் என்பது உண்மை. தபாலில் வந்த படிவத்தைப் பார்த்து இனத்தை அடையாளம் சொன்னார்கள். எங்கே கிடைத்தது என்ற பகுதியைக் குப்தா எழுதினார். இருவர் பெயரும் தலைப்பின் கீழ் வந்தன. ஆனாலும் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை அவர்கள் கேட்கவில்லை: இந்தப் பாறையை நான் போய்ப் பார்க்கலாமா? கட்டுரையில் பெயர் போடுவது புகழில் பங்கு கேட்பது மட்டுமல்ல, பொறுப்பிலும் கையெழுத்துப் போடுவது. பாதியைப் பார்த்துவிட்டு முழுவதற்கும் கையெழுத்துப் போட்டவர் குற்றவாளி இல்லையென்றாலும் குற்றமற்றவரும் இல்லை.

இந்தியாவில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று யாரும் தலைகுனிய வேண்டாம். மருத்துவ நோபல் பரிசைத் தேர்ந்தெடுக்கும் பேராசிரியர்களைக் கொண்ட ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் இதைவிடக் கொடிய ஒன்றைச் செய்தது. பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர் 2011-ல் அங்கே எரித்திரிய மாணவர் ஒருவருக்கு பிளாஸ்டிக்கால் ஆன மூச்சுக்குழாயைப் பொருத்தினார். ஸ்டெம் செல்கள் அதை உயிருள்ள குழாயாக மாற்றிவிடும் என்றார். விலங்குகளில் போதிய சோதனை நடக்கவில்லை. நெறிக்குழுவின் ஒப்புதலும் இல்லை. சிகிச்சை வெற்றி என்று ‘லான்செட்’ இதழில் கட்டுரை வந்தது. நோயாளி 2014-ல் இறந்தார். அவருக்கு அடுத்து அதே மருத்துவமனையில் அதே சிகிச்சை பெற்ற மற்ற இருவரும் உயிர் பிழைக்கவில்லை.

அந்த மருத்துவமனையின் மருத்துவர்கள் நால்வர் 2014-ல் நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளையும் கட்டுரைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். கட்டுரை சொன்னதும் குறிப்பேடு சொன்னதும் வேறு வேறாக இருந்தன. புகார் கொடுத்தார்கள். வெளியிலிருந்து அழைக்கப்பட்ட நிபுணர் 2015 மே மாதம் முறைகேடு நடந்திருக்கிறது என்று அறிக்கை தந்தார். மூன்றே மாதத்தில் நிறுவனத்தின் துணைவேந்தர் அந்த அறிக்கையை ஒதுக்கிவிட்டு மக்கியாரினி குற்றமற்றவர் என்று அறிவித்தார். 2016 ஜனவரியில் ஸ்வீடன் தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் வந்து நாடு கொதித்த பிறகுதான் எல்லாம் மாறியது. துணைவேந்தர் பதவி விலகினார். மக்கியாரினி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அரசு ஆட்சிக்குழுவைக் கலைத்தது. நோபல் மன்றத்தின் உறுப்பினர் இருவரை விலகச் சொன்னார்கள். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மக்கியாரினிக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. இனி எந்த நிறுவனமும் தன் ஆள்மீது வரும் முறைகேட்டுப் புகாரைத் தானே விசாரிக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்து, 2020 முதல் அதற்கெனத் தனி தேசிய வாரியத்தை ஸ்வீடன் நடத்திவருகிறது.

கரோலின்ஸ்காவும் முதலில் காவல்தான் நின்றது. ஆனால் காவல் நின்றவர்கள் அங்கே பதவி இழந்தார்கள். சண்டீகரில் யார் பதவி இழந்தார்?

ஸ்வீடன் கதையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, நம் ஆய்வு மாணவர்களுக்கு அது முக்கியம். கட்டுரைகளைப் பற்றிய இறுதி முடிவை 2018-ல் அறிவித்தபோது, புகார் கொடுத்த நால்வரில் ஒருவரையும் நிறுவனம் முறைகேட்டுக்குப் பொறுப்பானவர் என்றது. அவரும் ஒரு கட்டுரையின் இணை ஆசிரியர் என்பதே காரணம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். அறப்படி அது உண்மை சொல்ல நினைக்கும் ஒவ்வொருவரின் வாயிலும் பூட்டுப் போடும் செயல்.

நம் ஊருக்கு வருவோம். முதுகலை முடித்து முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேரும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகைப் படிவத்தில் நெறியாளர் கையெழுத்து வேண்டும். ஆண்டு அறிக்கையில் அவர் கையெழுத்து வேண்டும். ஆய்வேட்டை ஒப்படைக்கவும் அவர் கையெழுத்து வேண்டும். அதன் பிறகு வேலைக்குப் போகும் இடத்துக்கு அவர் பரிந்துரைக் கடிதம் வேண்டும். மூன்று முறை செய்தும் எதிர்பார்த்த முடிவு வராத ஒரு சோதனை. “ஏம்மா, போன பேட்ச் பையனுக்கு வந்துச்சே, உனக்கு மட்டும் எப்படி வராது? சரியா பண்ணிப் பாரு” என்கிறார் நெறியாளர். நான்காம் முறையும் வரவில்லை. போன பேட்ச் பையனின் குறிப்பேட்டைக் கேட்டால், அது அவனோடு போய்விட்டது என்கிறார்கள். அவள் என்ன செய்வாள்? யாரிடம் போவாள்? துறைத் தலைவர் நெறியாளரின் நண்பர். கல்விசார் நேர்மைக் குழுவில் நெறியாளரே உறுப்பினராக இருக்கக்கூடும். ஐந்து ஆண்டு உழைப்பும், கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு வீட்டில் வாங்கிய அவகாசமும் அந்த ஒரு கையெழுத்தில் தொங்குகின்றன. இத்தனைக்குப் பிறகும் உண்மையைச் சொல்லும் மாணவர்கள் இருக்கிறார்கள். சொல்லாதவரைக் கோழை என்று தீர்ப்பளிக்க நமக்கு உரிமை இல்லை. அவரை அந்த நிலையில் நிறுத்தியவர்களைத்தான் கூண்டில் ஏற்ற வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் எழுத்துத் திருட்டுக்கு எதிராக விதிகள் கொண்டுவந்தது. பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை இருந்தால் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டு தடை. அதற்கும் மேல் போனால் பதிவே ரத்து. அன்று முதல் ஒவ்வொரு ஆய்வேட்டிலும் மென்பொருள் தந்த சதவீதச் சான்றிதழ் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. விதி தேவைதான். ஆனால் அது எதைப் பிடிக்கிறது என்று யோசித்தார்களா? இல்லாத சோதனையை நடந்ததாகச் சொல்லி, வராத எண்ணை வந்ததாக எழுதி, எல்லாவற்றையும் சொந்த வாக்கியத்தில் அமைத்தால் அந்த மென்பொருள் சுழியம் சதவீதம் என்று நற்சான்று தரும். குப்தாவின் கட்டுரைகளை இன்று அதில் போட்டாலும் ஆம்ஸ்டெல் கிரீக்கை அது கண்டுபிடிக்காது. சொல்லைத் திருடியவனைப் பிடிக்கக் கருவி வைத்திருக்கிறோம். உண்மையைத் திருடியவனைப் பிடிக்க எதுவுமே இல்லை.

கடைத்தெருவில் தக்காளி விற்பவரின் எடைக்கல்லில் அரசு முத்திரை இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருகிறார். பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் மூல எண்கள் இருக்கின்றனவா என்று பார்க்க யாரும் வருவதில்லை.

இந்த வெற்றிடத்தில்தான் கட்டுரைச் சந்தை வளர்ந்தது. பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை, தரவரிசைக்குக் கட்டுரை எண்ணிக்கை, தனியார் கல்லூரிகளில் ஊக்கத்தொகைக்கும் கட்டுரை எண்ணிக்கை. “ஸ்கோபஸ்ல ஒரு பேப்பர் போட்டுடுங்க சார்” என்று இதழ்த் தரவுத்தளம் ஒன்றின் பெயரைச் சொல்வது ஆசிரியர் அறைகளில் அன்றாடப் பேச்சாகிவிட்டது. எழுதாத கட்டுரையில் முதல் பெயருக்கு ஒரு விலை, மூன்றாம் பெயருக்கு ஒரு விலை என்று விற்கும் தரகர்கள் தோன்றிவிட்டார்கள். வைலி பதிப்பகத்தின் கைக்கு வந்த ஹிந்தாவி இதழ்கள் 2023-ல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. இப்படித் திரும்பப் பெறப்படும் கட்டுரைகளின் கணக்கில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாக இந்தியா நிற்கிறது. 2022-ல் மானியக் குழு, ஆய்வேடு தரும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியது. நல்ல முடிவு. ஆனாலும் அந்தக் கட்டாயத்தைக் கைவிட மனமில்லாத பல்கலைக்கழகங்கள் இன்னும் இருக்கின்றன.

கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசையில் 2025 முதல், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்காக மதிப்பெண் குறைக்கிறார்கள். நோக்கத்தை வரவேற்கிறோம். முறையை ஏற்க முடியவில்லை. ஒரு கட்டுரையில் பிழை என்று எழுதியவரே கண்டுபிடித்துத் திரும்பப் பெற்றாலும், மோசடி என்று வெளியார் பிடித்துத் திரும்பப் பெற வைத்தாலும் ஒரே தண்டனை என்றால், கல்லூரி நிர்வாகம் எதைச் செய்யும்? திரும்பப் பெறாதே என்று சொல்லும். பொய்க்குக் காவல் நிற்க அரசே இன்னொரு காரணத்தைக் கையில் கொடுத்ததாகிவிடும். குறைக்க வேண்டிய மதிப்பெண் வேறு இடத்தில் இருக்கிறது. புகார் வந்து எத்தனை மாதத்தில் விசாரணை முடிந்தது, அறிக்கை வெளியானதா, புகார் கொடுத்தவர் இன்னும் அதே துறையில் படிக்கிறாரா என்பதற்கு மதிப்பெண் வையுங்கள்.

தவறுவது குற்றம் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2018-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற பிரான்சிஸ் ஆர்னால்ட், அடுத்த ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வந்த நொதிகள் பற்றிய தம் குழுவின் கட்டுரையை 2020 ஜனவரி தொடக்கத்தில் திரும்பப் பெற்றார். மறுபடி செய்து பார்த்தபோது அந்த முடிவு வரவில்லை. முதல் ஆசிரியரின் ஆய்வகக் குறிப்பேட்டில் அன்றன்று எழுதியிருக்க வேண்டிய பதிவுகளும் மூல எண்களும் இல்லை. வேலை மிகுதியில் தன் பங்கைச் சரியாகச் செய்யவில்லை என்று பொதுவெளியில் சொல்லி அவர் மன்னிப்புக் கேட்டார். அதனால் அவர் பெயர் கெடவில்லை. அவருடைய மற்ற கட்டுரைகளின் மீதான நம்பிக்கை கூடியது. நம் துணைவேந்தர்களில் எத்தனை பேர் இதைத் தம் பேராசிரியர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்?

மறுபடி செய்து பார்த்தால் வராத முடிவுகள் ஏராளம். பொய் சொல்லும் எண்ணம் இல்லாதவர்களிடமிருந்தும் அவை வருகின்றன. ஆம்ஜென் மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் புற்றுநோய் ஆய்வில் முன்னோடிகள் எனப் போற்றப்பட்ட 53 கட்டுரைகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 6 மட்டுமே தேறின என்று 2012-ல் எழுதினார்கள். உளவியலில் 100 ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து மறுபடி செய்து 2015-ல் முடிவு தந்தார்கள். முதலில் 97 சதவீத ஆய்வுகள் உறுதியான விளைவு கண்டதாகச் சொல்லியிருந்தன. மறுமுறை அது 36 சதவீதத்துக்கு இறங்கியது. சிறிய மாதிரி, சாதகமான முடிவை மட்டும் வெளியிடும் இதழ்கள், வந்த எண்ணை விரும்பிய பக்கம் சாய்த்துப் பார்க்கும் மனம் என்று காரணங்கள் பல. இந்தச் சரிபார்ப்பு வேலைக்கு நம் நாட்டில் நிதி தருவார் அரிது. ஏற்கெனவே சொல்லப்பட்டதைச் சரிபார்க்கிறேன் என்று விண்ணப்பித்தால், இதில் புதுமை எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துக்குள் இருப்பவர்களின் பிரச்சினை என்று நினைக்கும் வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1998 பிப்ரவரியில் லண்டனில் ஒரு மருத்துவக் கல்லூரி பத்திரிகையாளர் கூட்டம் நடத்தியது. 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரை அந்த மாதம் லான்செட்டில் வந்தது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தும் ஐயத்தை அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் அந்த மேடையிலிருந்து நாட்டின் மீது வீசினார். செய்தியாளர் பிரையன் டீர் 2004 முதல் தோண்டித் தோண்டி அம்பலப்படுத்தியது ஒரு பெரிய மோசடியை. குழந்தைகளின் மருத்துவக் குறிப்பும் கட்டுரையும் ஒத்துப்போகவில்லை. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்கவிருந்த வழக்கறிஞரிடம் வேக்ஃபீல்ட் பணம் வாங்கியிருந்தார். லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது 2010-ல். 12 ஆண்டுகள்! அதற்குள் இங்கிலாந்தில் அந்தத் தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் அளவு 80 சதவீதம் வரை சரிந்தது. தட்டம்மை திரும்பி வந்தது.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வதந்திகள் பறந்தன. பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்ட பெற்றோர் உண்டு. இயக்கத்தின் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெற்றோரை அறியாதவர்கள் என்று ஏளனம் செய்தவர்கள் பலர். நாம் செய்ய மாட்டோம். தம் பிள்ளையின் தோளில் ஊசி போடும் கையை நம்பலாமா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. நம்பலாம் என்று சொல்ல அறிவியலுக்கு ஒரே ஒரு தகுதிதான் இருக்கிறது: எங்களில் ஒருவர் பொய் சொன்னால் நாங்களே பிடித்து, நாங்களே வெளியேற்றி, உங்களிடம் வந்து சொல்வோம் என்ற உறுதி. அந்த உறுதியை உடைக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் சுவருக்கு வெளியே, தனக்குப் பெயர் தெரியாத குழந்தைகளின் உடல்நலத்தில் கை வைக்கிறது.

நிறுவனங்கள் செய்யாத இந்தச் சரிபார்ப்பைத் தாமாக முன்வந்து செய்தவர்கள் உண்டு. எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளர் தம் குழுவினருடன் 20,621 உயிர்மருத்துவக் கட்டுரைகளின் படங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து, 3.8 சதவீதக் கட்டுரைகளில் படங்கள் ஐயத்துக்குரிய வகையில் மீண்டும் பயன்படுத்தப்பட்டிருப்பதை 2016-ல் வெளியிட்டார். எவரும் உத்தரவிடாமல் செய்த உழைப்பு அது. இந்தியாவிலும் 1986-லேயே ‘அறிவியல் விழுமியங்களுக்கான சங்கம்’ தில்லியில் தொடங்கப்பட்டது. உடலியங்கியல் அறிஞர் ஏ. எஸ். பெயின்டல் அதை முன்னின்று நடத்தினார். பல புகார்களை அது ஆராய்ந்து முடிவு சொன்னது. சொல்ல மட்டுமே முடிந்தது. ஒரு கோப்பைக் கேட்டு வாங்கவோ ஒரு பல்கலைக்கழகத்தைப் பணிய வைக்கவோ அதற்குச் சட்ட வலு இல்லை. அமெரிக்கா 1992-லேயே ஆய்வு நேர்மைக்கென அரசு அலுவலகம் அமைத்தது. நம்மிடம் சட்ட அதிகாரமுள்ள அப்படியோர் அமைப்பு இன்றும் இல்லை. வரிப்பணத்தில் ஆய்வு நடத்தும் நாட்டுக்கு இது வெட்கம்.

ஆகவே நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். புகாரை எந்த நிறுவனத்தின் மீது கொடுக்கிறோமோ அந்த நிறுவனம் விசாரிக்கக் கூடாது. விசாரிக்கும் அமைப்புக்கு ஆய்வகக் குறிப்பேட்டையும் மூல எண்களையும் மாதிரிகளையும் கைப்பற்றும் அதிகாரம் வேண்டும். அரசு நிதியில் நடந்த ஒவ்வொரு ஆய்வின் மூல எண்களும், படிவமோ திசுவோ பாறையோ எதுவானாலும் அதன் மாதிரியும், கட்டுரை வெளியாகும் நாளன்றே பொதுக் காப்பகத்துக்குப் போக வேண்டும். புகார் கொடுக்கும் ஆய்வு மாணவருக்கு உதவித்தொகை நிற்காமல், வேறு நெறியாளரிடம் ஆய்வைத் தொடரும் உரிமை புகார் பதிவான அன்றே கிடைக்க வேண்டும். குற்றம் நிரூபணமான பிறகும் குற்றவாளியைப் பணியில் வைத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு நிதியை நிறுத்த வேண்டும். அதன் துணைவேந்தர் பெயரையும் அறிக்கையில் எழுத வேண்டும். இவற்றுக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாத ஒன்றும் இருக்கிறது. கடந்த பத்து ஆண்டுகளில் நாட்டின் மத்திய, மாநில, தனியார் பல்கலைக்கழகங்களில் ஆய்வு முறைகேடு பற்றி நடந்த விசாரணை அறிக்கைகள் அத்தனையும், புகார் கொடுத்தவரின் பெயரை மட்டும் மறைத்துவிட்டு, ஆறு மாதத்துக்குள் வெளியிடப்பட வேண்டும் என்று மானியக் குழு நாளையே சுற்றறிக்கை அனுப்பலாம்.